ஏழு சிவப்பு, ஒரு நீலம்

"என் இன்ஜின்ல யாரோ கை வெச்சிருக்காங்க" என்றார் வந்தவர்.

"என்னத்த உடைச்சாங்க?" என்று நோட்டைத் திறந்தேன்.

"எதையும் உடைக்கல."

"எதையாவது தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"ஒண்ணும் போகல."

"அப்புறம் என்னதான் சார் பண்ணாங்க?"

அவர் மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சரி பண்ணிட்டாங்க" என்றார்.

நான் பேனாவை மூடினேன். காணாமல் போன நாய்க்காக வந்திருக்கிறார்கள், ஓடிப்போன மாப்பிள்ளைக்காக வந்திருக்கிறார்கள். தப்பாக இருந்தது சரியாகிவிட்டது என்று புகார் சொல்ல வந்த முதல் ஆள் இவர்தான். "ஆளைக் கண்டுபிடிச்சா என்ன பண்ணணும்? மாலை போடணுமா?" என்று கேட்டேன்.

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. வந்ததிலிருந்து என் தோளுக்கு மேலே அண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அலுவலகத்தில் இது வாடிக்கை. கதவைத் திறப்பது நான், நாற்காலியைத் தட்டிப் போடுவது நான், கேள்வி கேட்பதும் நான். பதில் மட்டும் நேரே அண்ணிக்குப் போய்விடும். அண்ணி என் அண்ணனின் மனைவி. பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பரிசோதித்தவர். அந்த வேலையை விட்டுத் துப்பறிய ஆரம்பித்தபோது, சும்மா இருந்த கொழுந்தனை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். வாசல் பலகையில் அவர் பேர் தெருமுனையிலிருந்தே தெரியும். என் பேரைப் படிக்க வேண்டுமானால் பலகையில் மூக்கு உரச நிற்க வேண்டும். எனக்கு இதில் வயிற்றெரிச்சல் உண்டு. மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"யார்மேல சந்தேகம்?" என்று அண்ணி கேட்டார்.

"சுருட்டை" என்றார் உடனே. "என் பட்டறைக்கு எதிர்த்தாப்ல பட்டறை வெச்சிருக்கான். அவனும் பந்தயக் காருக்கு இன்ஜின் கட்டறவன்தான்."

"பட்டறைச் சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு வீட்டுல." அவர் குரல் இறங்கியது. "ஞாயித்துக்கிழமை பூரா நான் பந்தய மைதானத்துல இருந்தேன். திரும்பி வந்தப்ப என் வீட்டுக்காரி கையில ஆயில் வாசனை. அவ வேலை பல் டாக்டருங்களுக்குப் பல்லுமேல மாட்டற கேப் செஞ்சு குடுக்கற லேப்ல. அவளுக்கும் ஆயிலுக்கும் என்னங்க சம்பந்தம்? கல்யாணத்துக்கு முன்னாடி அவளும் சுருட்டையும் ஒரே தெரு."

எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம். நான்கு நாளாக அவர் மனைவியோடு பேசவில்லை. பட்டறை பெஞ்சில்தான் படுக்கை. "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். "அவன்தான்னா அந்த இன்ஜினை வண்டில ஏத்த மாட்டேன். நானும் இனிமே வீட்டுக்குப் போக மாட்டேன்."

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் வண்டிச் சாவியைத் தேடினேன். அதுவும் அவர் கையில்தான் இருந்தது. ஓட்டுவது மட்டும் நான்.

பட்டறை சுத்தமாக இருந்தது. ஸ்பேனர்கள் அளவுப்படி சுவரில் தொங்கின. நடுவில் இரும்புத் தாங்கியில் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் மேல்மூடியைக் கழற்றி வைத்தார். உள்ளே எட்டு ராக்கர்கள் தனித்தனி ஸ்டாண்டில் வரிசையாக நின்றன.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் அண்ணி. அவருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எனக்காகத்தான் கேட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"பூங்காவுல சீசா பலகை இருக்குல்ல, அதான் ராக்கர்" என்றார் மாஸ்டர். "ஒரு முனையைக் கீழேருந்து ஒரு கம்பி தூக்கும். மறுமுனை வால்வோட தலையை அமுக்கும். ஆனா அந்த முனை நேரா இறங்காது, வளைஞ்சு இறங்கும். அப்ப வால்வு தலைமேல கொஞ்சம் முன்னப் பின்ன தேய்க்கும். பலகையோட உயரம் சரியா இருந்தா அந்தத் தடம் நட்ட நடுவுல, ஒல்லியா விழும். உயரம் தப்புன்னா அகலமா, ஓரமா விழும். வால்வைப் பக்கவாட்டுல தள்ளிக்கிட்டே இருக்கும். அதைச் சுத்தி இருக்கற கைடு தேய்ஞ்சு போகும்."

"உங்களுக்குத் தேய்ஞ்சுதா?"

"மூணு தடவை." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "போன வருஷம் நீளமான வால்வு மாத்தினேன். ஒன்றரை மில்லி அதிகம். அதுக்குத் தகுந்த மாதிரி ஸ்டாண்டை உசத்தியிருக்கணும். ஒன்றரை மில்லி என்ன பண்ணிடப்போகுதுன்னு விட்டுட்டேன். இப்ப யாரோ ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில ஷிம் குடுத்துத் தூக்கியிருக்காங்க."

ஷிம் என்றால் தகட்டுத் துண்டு, அவ்வளவுதான். ஆடுகிற மேஜைக்கால் அடியில் அட்டையை மடித்து வைப்போமே, அதன் இரும்பு ஜாதி.

அண்ணி ராக்கர்களை ஒவ்வொன்றாக ஒதுக்கச் சொல்லி வால்வுகளின் தலையைப் பார்த்தார். சுத்தமான உலோகத்தில், நட்ட நடுவில், மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு. அடுத்ததிலும் அதே கோடு. ஏழாவது வரை அப்படியே வந்தது. எட்டாவதில் மட்டும் கோடு நீலமாக இருந்தது. கொஞ்சம் அகலம், கொஞ்சம் கோணல்.

"ஏழு ஆளுங்கட்சி, ஒண்ணு எதிர்க்கட்சி" என்றேன்.

"எட்டாவது மட்டும் ஏன் இப்படி?" என்று அண்ணி மாஸ்டரிடம் கேட்டார்.

"கடைசில அவசரப்பட்டிருப்பான்."

அண்ணி எட்டாவது ஸ்டாண்டின் அடியில் விரலை ஓட்டிவிட்டுச் சட்டென்று எடுத்தார். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். பிறகு ஒன்றாவதை ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. "இந்த ஒண்ணாவது ஷிம்மை மட்டும் கழட்டிக் குடுங்க. சாயங்காலம் திருப்பித் தர்றேன்" என்றார். நான் கோடுகளைப் படம் எடுத்துக்கொண்டேன்.

சுருட்டைக்குப் பேர் வைத்தவர்கள் தலைமுடியைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இப்போது அதில் பாதி இல்லை. ஒரு இன்ஜினுக்குள் கை விட்டபடி வரவேற்றார். நான் படத்தை நீட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முகத்தில் இருந்த மரியாதைச் சிரிப்பு அப்படியே கழன்று விழுந்தது.

"யார் வேலை இது?"

"நீங்கதான்னு ஒருத்தர் சொல்றார்" என்றேன்.

"யாரு, மாஸ்டரா?" அவர் நிமிர்ந்தார். கையைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். "ஆமா. நான்தான்."

துப்பறியும் தொழிலில் குற்றவாளி இவ்வளவு சீக்கிரம் கிடைத்து நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக அண்ணியைப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"எப்படிப் பண்ணீங்க?" என்றார் அண்ணி.

"எல்லாரும் பண்ற மாதிரிதான். கருப்பு மார்க்கரால வால்வு தலை முழுக்கப் பூசணும். ராக்கரை மாட்டி இன்ஜினைக் கையால ரெண்டு சுத்து சுத்தணும். தேய்ச்ச இடத்துல மை அழிஞ்சு பளபளன்னு கோடு தெரியும்."

"அப்ப கோடு வெள்ளையா இருக்கும். சுத்தி மை இருக்கும்."

"ஆமா."

"இங்க சுத்தி வெள்ளை. கோடுதான் கலர்."

சுருட்டை மறுபடி படத்தைப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது. "மை அழியல" என்று முணுமுணுத்தார். "மை ஒட்டியிருக்கு. பட்ட இடத்துல மட்டும் ஒட்டியிருக்கு. எப்படிய்யா?" குரலில் பிச்சை கேட்கிறவனின் தவிப்பு இருந்தது. "இருபது வருஷமா பண்றேன். எனக்கு ஒரு தடவைகூட இவ்வளவு ஒல்லியா வந்ததில்ல. அந்தப் படத்தை எனக்கு அனுப்புவீங்களா?"

"அப்ப நீங்க பண்ணல."

"பண்ணலைதான். ஆனா நான் பண்ணதா மாஸ்டர் நினைச்சா நினைச்சிட்டுப் போகட்டுமே. நீங்க ஏன் போய் மறுக்கறீங்க?"

வண்டியில் ஏறியதும் நான் முந்திக்கொண்டேன். "இவன் இல்ல அண்ணி. பொய் சொல்லலாம், அழுகையை நடிக்கலாம். பொறாமையை நடிக்க முடியாது. படத்தைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கு இருக்கே, அது உள்ளேருந்து வந்தது."

"அதெல்லாம் உனக்குத்தானே தெரியும்" என்றார் அண்ணி. பாராட்டா, குத்தலா என்று புரியவில்லை. இரண்டுக்கும் தயாராக முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவர் ஷிம்மை என் உள்ளங்கையில் வைத்தார். "ஓரத்தைத் தடவு."

தடவினேன். சோப்பு மாதிரி வழுக்கியது.

"இது ரெண்டு இரும்புக்கு நடுவுல போய் உக்காரும். யார் கண்ணுலயும் படாது. மெக்கானிக் என்ன பண்ணுவான்? கத்திரிப்பான், வைப்பான், போயிட்டே இருப்பான். எட்டாவதுல இருக்கறது அப்படித்தான் என் விரலைக் கிழிச்சுது. இந்த ஓரம் யாருக்குக் குத்திடும்னு பயந்து இவ்வளவு பாலிஷ் போட்டிருக்காங்க?"

"பழக்கதோஷமா இருக்கும்."

"அதேதான். எந்த வேலையில இருக்கறவங்களுக்கு இந்தப் பழக்கம் வரும்?"

யோசித்தேன். போன மாதம் எனக்கு ஒரு பல்லை அடைத்தார்கள். அதில் ஒரு தூசி அளவு மேடு இருந்தது. இரண்டு நாள் என் நாக்கு வேறு வேலையே பார்க்கவில்லை. மறுபடி போனபோது டாக்டர் பல்லுக்கு நடுவே ஒரு மெல்லிய கலர்த் தாளை வைத்து, கடியுங்கள் என்றார். எங்கே இடித்ததோ அங்கே மட்டும் கலர் ஒட்டியது.

"ஐயோ" என்றேன்.

"வண்டியைப் பல் லேப்புக்கு விடு" என்றார் அண்ணி. நானே கண்டுபிடித்துச் சொல்லியிருப்பேன். அரை விநாடிதான் குறைந்தது.

லேப்பில் ஜன்னல் ஓரமாகச் சுண்ணாம்புத் தாடைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மாஸ்டரின் மனைவி வெள்ளைக் கோட்டில், கண்ணுக்கு மேல் பூதக்கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் கீல் வைத்த ஒரு சட்டம். அதில் மேல்தாடையும் கீழ்தாடையும் மாட்டியிருந்தன. நடுவில் தாளை வைத்துத் தாடையை டக் டக்கென்று மூடித் திறந்தார். புதுப் பல்லின் தலையில் சிவப்புப் புள்ளி விழுந்தது.

அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. ஷிம்மை அவர் முன்னால் வைத்தார்.

அந்த அம்மா அதை எடுத்து விளக்கில் காட்டிப் பார்த்தார். "இது ஒண்ணாம் நம்பர். ஏன் கழட்டினீங்க?" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பூதக்கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார்.

"சாப்பாடு கொண்டு போறப்பல்லாம் எட்டு வருஷமா பார்த்துட்டு நின்னிருக்கேன்" என்றார். "கைடு தேய்ஞ்சு போச்சு, கைடு தேய்ஞ்சு போச்சுன்னு வீட்டுல ஒரே புலம்பல். ஒன்றரை மில்லின்னு அவர் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இங்க ஒரு கேப் தலைமயிர் அளவு உசந்தாலே தாடை வலிக்கும். ஏன்னா தாடை நேரா மூடாது, கீல்ல ஆடி மூடும். ராக்கரும் அப்படித்தானே? சொன்னேன். 'இது பல்லு வேலை இல்லடி'ன்னு சிரிச்சார். அந்தச் சிரிப்புதான். ஞாயித்துக்கிழமை போய் எட்டையும் அளந்து, தேய்ச்சு, வெச்சு முடிச்சேன்."

"அவர் உங்களையும் சுருட்டையையும் சேர்த்துச் சந்தேகப்படறார். தெரியுமா?"

"நாலு நாளா பேசலைன்னா வேற என்ன?"

"நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட வேண்டியதுதானே?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

அவர் என்னைப் பார்த்துப் பேசினார். அன்றைக்கு என்னைப் பார்த்துப் பேசிய முதல் ஆள். "தம்பி, சந்தேகம்னா ஒரு மாசத்துல ஆறிடும். இல்லைன்னு புரிஞ்சதும் மனுஷன் வீட்டுக்கு வந்துடுவார். நான்தான் செஞ்சேன்னு தெரிஞ்சா அது ஆறாது. அவருக்கு இருக்கறது அந்தக் கை ஒண்ணுதான். நீங்க யாரும் சொல்லிடாதீங்க."

எனக்காக இப்படிப் பழியைச் சுமக்க ஒருத்தர்கூட இல்லையே என்று மாஸ்டர் மேல் பொறாமை வந்தது.

அண்ணி கேட்டார்: "எட்டாவதுல மட்டும் ஏன் நீலம்?"

"நீலமா?" அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். "நான் எப்பவும் சிவப்பைத்தான் கீழ வைப்பேன். கை தானா அப்படித்தான் போகும். எட்டும் சிவப்புதான்."

அண்ணி அந்தத் தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, "இந்தத் தாள் உங்க பையில இருக்குமா?" என்றார்.

"ஒரு கட்டு எப்பவும் இருக்கும்."

"நாலு மணிக்குப் பட்டறைக்கு வாங்க. உள்ள வர வேண்டாம். வாசல்ல நில்லுங்க."

நாலு மணிக்கு மாஸ்டர் நின்றுகொண்டே காத்திருந்தார். "அவன்தானே?" என்றார்.

"சுருட்டை உங்க பட்டறைக்குள்ள காலே வைக்கல" என்றார் அண்ணி.

மனைவியைச் சந்தேகித்த ஒரு மனிதன் இந்த வார்த்தையைக் கேட்டு மூச்சு விடுவான், உட்காருவான், கண்ணைத் துடைப்பான். மாஸ்டருக்கு முகம் தொங்கிப்போனது. ஏதோ கிடைக்கும் என்று வரிசையில் நின்று கடைசியில் கிடைக்காமல் போனவர் போல நின்றார்.

"நல்லா விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சோம். யார் செஞ்சாங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. ஒரே ஒரு கேள்விதான். அந்தத் தாளை எங்கேருந்து எடுத்தீங்க?"

"எந்தத் தாள்?"

"எட்டாவது வால்வுக்கு நீங்க வெச்சது. அவங்க ஷிம்மை எடுத்துட்டு நீங்களே ஒண்ணு வெட்டி வெச்சீங்க. ஓரத்தைத் தேய்க்கல, அதுதான் என் விரலைக் கிழிச்சுது. தாளைத் திருப்பி வெச்சதால நீலம் விழுந்துது. மெக்கானிக் எவனுக்கும் அந்தத் தாள் என்னன்னே தெரியாது. அது இருக்கற வீட்டுல குடியிருக்கறவருக்குத்தான் தெரியும்."

மாஸ்டர் இன்ஜின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "சாப்பாடு கொண்டு வந்தப்ப அவ பையிலேருந்து" என்றார்.

நான் வாயைப் பிளந்தேன். "அப்ப செஞ்சது யாருன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்!"

"திங்கக்கிழமை மூடியைத் திறந்த உடனே தெரியும். அந்த வேலை எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதா? என் வாயிலயே அவ செஞ்ச கேப் ரெண்டு இருக்கு." அவர் கடைவாயைத் தொட்டுக் காட்டினார். "அவளை விட ஒல்லியா ஒரு கோடு போட்டுடணும்னு மூணு நாளா முட்டி மோதினேன். வரலை."

"அப்புறம் எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?"

"நீங்க பெரிய ஆளுங்க. அவன்தான்னு நீங்க சொல்லிட்டா நானும் நம்பிடலாம்னு." அவர் குரல் உடைந்தது. "இப்பவாவது சொல்லிடுங்களேன். சுருட்டைதான்னு ஒரு வார்த்தை. அவன்மேல ஆத்திரப்படறது எனக்குப் பழகிப்போச்சு. இது புதுசா இருக்கு. தாங்க முடியல."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் மனைவி உள்ளே வந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"நாலு நாளா நீங்க என்னைச் சந்தேகப்படறீங்கன்னு நினைச்சுப் பொறுத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படலையா?"

"இல்ல."

"அப்ப வெறும் பொறாமையா?"

மாஸ்டர் எங்களைப் பார்த்தார். ஒளிய இடமில்லை என்று தெரிந்துகொண்டார். "வெறும் பொறாமைதான்" என்றார். "உன்னைப் பார்த்தாலே வயிறு எரியுதுடி."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. அதோடு மூக்கும் விடைத்தது. எது முதலில் ஜெயிக்கும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எரியட்டும்" என்றார். "வீட்டுக்கு வந்து எரியட்டும்."

மாஸ்டர் இன்ஜினை விட்டு விலகி நின்றார். அவர் மனைவி கோட்டின் கையை மடித்துக்கொண்டு இன்ஜின் பக்கம் போனார். எட்டாவது ராக்கரின் போல்ட்டைத் தளர்த்தி, மாஸ்டர் வெட்டி வைத்த ஷிம்மை எடுத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மேஜை மேல் வைத்தார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் மனுஷனை அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும். இருந்தும் மாஸ்டர் கைவிளக்கைக் கொண்டுவந்து வால்வுக்கு மேலே பிடித்தார்.

"சிவப்பு கீழயா?" என்று கேட்டார். கேட்க முடியாமல்தான் கேட்டார்.

"சிவப்பு கீழ" என்றார் அவர் மனைவி.

அண்ணி ஒன்றாம் நம்பர் ஷிம்மை மேஜையில் வைத்துவிட்டு என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். எட்டாவது கோடு எப்படி விழுகிறது என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. அண்ணி விடவில்லை.